வெள்ளி கறுக்கும் குழி

கொரோனா வந்துபோனதில் ஆளாளுக்கு ஏதோ ஒன்று போயிற்று. எனக்குப் போனது மோப்பம். மூக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவுகிறது. தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், பக்கத்தில் வயர் கருகுவதுகூடத் தெரியாமல் நின்றதால் திருப்பி அனுப்பப்பட்டேன். ஊருக்கு வந்து, தென்காசியில் ஒரு துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மோப்பம் பிடிக்க வராதவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை ஏது?

முதலாளி சங்கரேஸ்வரி அக்கா. முப்பத்து மூன்று வருஷம் போலீஸில் இருந்து எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். வீரகேரளம்புதூர்க்காரர். வாயும் குடையும் எப்போதும் தயாராக இருக்கும், இரண்டாலும் அடிப்பார்.

அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு சொக்கம்மாள் படியேறி வந்தபோது நான் வழக்கம்போல ஒரு ஜோக்கை வாயில் அதக்கி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காரு தாயி," என்றார் அக்கா.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்க்கா. ஞாயித்துக்கெழம என் வீட்டுக்காரரு கேஸ் கம்பெனிக் குழியில செத்துப்போனாரு. பேச்சிராஜ். பேப்பர்ல போட்டிருந்தாவ."

நாங்களும் படித்திருந்தோம். இலத்தூர் போகும் வழியில் இருக்கிறது அந்த ஆலை. குற்றாலம் சீசனில் ஓட்டல்களில் மிஞ்சும் பரோட்டா, சோறு, வாழையிலை, பலாச்சக்கை எல்லாவற்றையும் லாரியில் அள்ளிவந்து அரைத்து, குழம்பாக்கி, மூடிய தொட்டியில் அழுகவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். ஊரில் அதற்குச் 'சாணிக் கம்பெனி' என்று பெயர். சாணிதான் அங்கே மருந்துக்கும் கிடையாது.

"செஞ்சது என் தம்பி வேல்ராஜுன்னு நேத்து ராத்திரி புடிச்சிட்டுப் போயிட்டாவ," என்றாள் சொக்கம்மாள். "இன்னிக்கி சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்தி பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருவாவளாம். ஒருத்தரு குழிக்குள்ள போயிட்டாரு. இன்னொருத்தன் ஜெயிலுக்குள்ள போனா, நான் யாருக்குன்னுக்கா அழுவேன்?"

அக்கா போனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் இசக்கிராஜா அவரிடம் வேலை பழகியவர். ஸ்பீக்கரில் போட்டார்.

"கேஸ் கெட்டிக்கா," என்றார் இசக்கிராஜா. "வேல்ராஜ் அங்க லாரி ஓட்டுதான். சனிக்கிழம அவன் கொண்டுபோன லோடைப் பேச்சிராஜ் திருப்பி அனுப்பிட்டான். கழிவோட பிளாஸ்டிக் கலந்திருக்குன்னு சண்ட. 'உன்னையே குழியில தள்ளி கேஸாக்கிருதேன் பாரு'ன்னு இவன் கத்துனத அத்தன பேரும் கேட்டிருக்காவ. மேனேஜரும் எழுதிக் குடுத்திருக்காரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் லாரி உள்ள நின்னுச்சு. ஆலை லீவு, வேற ஆள் கெடையாது. கேமரா இடியில போச்சு. இதுக்கெல்லாம் மேல, செத்தவன் கையில வேல்ராஜோட சிவப்புத் துண்டு. விரலைப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சுக்கா. அவ்ளோ இறுக்கிப் புடிச்சிருந்தான்."

"போன் யாரு போட்டா, யாருக்குப் போட்டாங்குறது?"

"லிஸ்ட் கேட்டிருக்கு. ரெண்டு நாள் ஆகும். ஆறு மணிக்கு நான் இவன ஆஜர்படுத்தணும்."

அக்கா போனை வைத்தார். உறையைப் பார்த்தார். அதற்குள் ஓர் அரைஞாண் கயிறு. வெள்ளி. ஆனால் அடுப்புக்கரியில் செய்ததுபோல இருந்தது.

"ஆஸ்பத்திரியில குடுத்தாவ," என்றாள் சொக்கம்மாள். "அதுதான் எனக்கு வெளங்கவே இல்லக்கா. வேலைக்குப் போறப்ப இத இடுப்புல கட்டிக்கிட்டு அவரு உள்ள போவவே மாட்டாரு. அங்க ஒரு ஆணி இருக்கு. அதுல மாட்டிட்டுத்தான் போவாரு."

"ஞாயித்துக்கெழம நீ எங்க இருந்த?"

"பண்பொழியில, அம்ம வீட்டுல. ஆலை மதிலுக்கு ஒட்டுனாப்புலதான் எங்க குவார்ட்டர்ஸ். நான் வந்து பாக்கையில எண்ணெக் கிண்ணம் பாதியோட இருக்கு. கதவு தொறந்து கெடக்கு. எண்ணெ தேய்ச்சு அருவிக்குப் போவணும்னு காலையிலதான் போன்ல சொன்னாரு."

"எண்ணெயத் தேய்ச்சிக்கிட்டு எவனும் சண்டைக்குப் போவ மாட்டான்," என்றேன். "வழுக்கும்."

சொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். ஜோக்கை இன்னும் கொஞ்சம் ஆழமாக விழுங்கியிருக்க வேண்டும்.

"இவன் சொன்னது சரிதான் தாயி," என்றார் அக்கா, ஆச்சரியமாக. "பாதி எண்ணெயில எந்திரிச்சு ஓடியிருக்காரு. யாரோ கூப்பிட்டிருக்காவ. நீ போ. ஸ்டேஷன் வாசல்ல இரு. நாங்க வாறோம்."

சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டரை அக்கா ஓட்ட, பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நான். குடை அவருக்கு, மழை எனக்கு. இதுவும் என் பணிகளில் ஒன்று.

ஆலை வேலை இல்லாமல் கிடந்தது. கழிவு பிரிக்கும் கொட்டகையில் பத்துப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஜாய். திங்கள்கிழமை காலையில் குழியில் பேச்சிராஜை முதலில் பார்த்தவரும் அவர்தான்.

அக்கா கேட்பதற்கு முன் ஜாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாத்தம் தெரியுதா?"

"எனக்கு மோப்பமே கெடையாதுக்கா. என்னைக் கல்யாணம் பண்ணிக்க இந்த ஒரு தகுதி போதும்னு எங்க உம்மா சொல்லுதாவ."

ஜாய் சிரிக்கவில்லை. "அப்ப நீ குழிப் பக்கம் வராத. அழுகின முட்ட மாதிரி நாத்தம் வந்தா பயமில்ல. அந்த நாத்தம் சட்டுன்னு நின்னுபோச்சுன்னாத்தான் ஓடணும். காத்து சுத்தமாயிட்டுன்னு நெனச்சிருவோம். மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்து ஆளு."

என் மூக்கை நான் முதல்முறையாகப் பயத்தோடு தொட்டுப் பார்த்தேன்.

கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றின் கீழும் சாக்பீஸால் ஒரு பெயர். ஆணிகளில் மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண்.

"உள்ள இருக்க வாயுவுக்கு வெள்ளியக் கண்டா ஆகாது," என்றார் ஜாய். "இங்கன நின்னா ஒரு மாசத்துல மங்கும். குழிக்குப் பக்கத்துல போனா அன்னிக்கே கறுக்கும். அதான் எல்லாரும் கழட்டி மாட்டிட்டுப் போறது. எவ மாமியாருக்கும் இது புடிக்காது, மெட்டிய ஆணியில மாட்டுதாளேன்னு. ஒருத்தரு மேலுல கெடக்க வெள்ளியப் பாத்தே எங்களுக்குத் தெரியும், அவரு எங்கன நின்னாருன்னு."

பேச்சிராஜ் என்ற பெயருக்கு மேலே ஆணி காலியாக இருந்தது. 

குழி கொட்டகைக்குப் பின்னால். பத்தடி ஆழம், இரும்பு ஏணி, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. அடியில் அரைத்த கழிவு இடுப்பளவுக்கு மினுமினுத்தது. மேலே பம்பைத் தூக்குவதற்கான செயின் கப்பி. என்னை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு அக்கா மட்டும் ஜாயோடு போனார். மூக்கில் துணி, கையில் குடை. குடையின் நுனியால் கப்பிக் கொக்கியிலிருந்து எதையோ இழுத்தார். ஒரு கயிறு.

"ஏ ஜாய், பம்பைக் கயித்துலயா தூக்குவீய?"

"இல்லக்கா. இரும்புச் சங்கிலிதான். இந்தக் கயிறு லாரியில தார்ப்பாய் கட்டுததுல்லா? போலீஸ்காரவ பம்புக் கயிறுன்னு விட்டுட்டாவ."

"பம்பு இப்ப எங்க?"

"உள்ளதான் கெடக்கு. ஞாயித்துக்கெழம அடைச்சிருக்கு. மசாஜ் எண்ணெப் பாக்கெட்டா வந்து அடைக்கும், குத்தாலத்துலருந்து. அதுக்குத்தான் சனிக்கிழம அந்தச் சண்டையே."

அக்கா திரும்பி வந்து கயிற்றை என்னிடம் நீட்டினார். நுனியில் அகலமான ஒரு வளையம், வளையத்தில் ஒரு முடிச்சு. கயிறு முழுக்கக் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன முடிச்சுன்னு தெரியுதாலே?"

"என் வாழ்க்கை மாதிரி இருக்கு."

"கிணத்துல விழுந்த மாட்டைத் தூக்குத முடிச்சு. எங்க அப்பா போடுவாவ. எவ்வளவு கனம் இழுத்தாலும் வளையம் சுருங்காது. நெஞ்சு நொறுங்காது. உசுர் உள்ளதத் தூக்கத்தான் இந்த முடிச்சு. பம்புக்கு எதுக்கு?"

ஜாய் வாயைப் பொத்திக்கொண்டார். "பேச்சிராஜுக்குத்தான் அப்படி முடிச்சுப் போட வரும். அவங்க வீட்டுல மாடு உண்டும்."

அக்கா என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "அப்ப பேச்சிராஜ் முடிச்சுப் போட்டு, கப்பியில இழுத்து, ஒரு ஆளை மேல கொண்டாந்திருக்காரு. அந்த ஆளு உசுரோட இருக்கான். வாயத் தொறக்கல."

"வேல்ராஜா இருக்கலாமேக்கா?"

"தன்னக் காப்பாத்துனவரு செத்துட்டாருன்னா, அவன் அத மறைச்சிக் கொலைக் கேசை வாங்கிக்குவானாலே? யோசிச்சுப் பேசு. குழம்புல முங்குனவன் சட்டையத் தொவைச்சிருவான், சோப்புப் போட்டுக் குளிச்சிருவான். சோப்புக்குப் போவாதது என்ன?"

நான் சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தேன்.

"பரவாயில்ல," என்றார் அக்கா. "மூக்குதான் போச்சு."

மேனேஜர் செந்தில்வேல் வாசல் பக்கம் தன் அறையில் இருந்தார். நாற்பது வயது, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கீழே மூன்று நாள் தூங்காத கருவளையம். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நல்ல மனிதர் என்றுதான் தோன்றியது. எனக்கு எல்லோரையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தம்மாமில் என்னிடம் விசா விற்றவரைக்கூட.

"பேச்சிராஜ் என் வலது கை மேடம்," என்றார். "இந்த ஊருக்கு இது புதுத் தொழில். எங்க கேஸை வாங்குதேன்னு ஒரு பங்க் முன்வரதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. திங்கக்கிழமை சென்னையிலருந்து ஆளுங்க வந்து பாத்து, முதல் வண்டிய அனுப்புறதா இருந்துச்சு. வந்தாங்க. பொணத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. நாப்பது குடும்பம் இப்ப உக்காந்திருக்கு."

"ஞாயித்துக்கெழம நீங்க வரலையா?"

"குடும்பத்தோட ஐந்தருவியில இருந்தேன். போட்டோ இருக்கு."

போனை நீட்டினார். அருவிக் கூட்டத்துக்கு நடுவில் அவர், மனைவி, நனைந்த சிரிப்புகள். நேரம் மாலை நாலே முக்கால். அவர் போனைத் திரும்ப வாங்கும்போது கைப்பொத்தானுக்கு வெளியே ஒரு காப்பு எட்டிப் பார்த்தது. வேல் பொறித்த வெள்ளிக் காப்பு. பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளைபோல.

"நல்லா இருக்கு," என்றேன். சும்மா இருக்கும்போது எதையாவது பாராட்டுவது என் பழக்கம்.

"திருமலைக் குமாரசாமிக்கு வேண்டிப் போட்டது," என்றார். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். "கழட்டக் கூடாது."

வெளியே வந்ததும் அக்கா ஸ்கூட்டரைத் தென்காசிக்குத் திருப்பினார். மணி இரண்டேகால். பெரிய கோயிலுக்குப் பக்கத்துச் சந்துகளில் வெள்ளிக்கு மெருகு போடும் கடைகள் மூன்று. முதல் இரண்டில் எங்களைக் கொலுசு வாங்க வந்த தாயும் மகனும் என்று நினைத்து டீ கொடுத்தார்கள். நான் இரண்டையும் குடித்தேன்.

மூன்றாவது, ஒரு ஆள் உட்காரும் அகலமே உள்ள கடை. உச்சிமாகாளி ஆசாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரைஞாண் கயிற்றைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாரம் இது ரெண்டாவது," என்றார்.

அக்காவின் குடை அசையாமல் நின்றது. "மொதல் எது ஆசாரியாரே?"

"திங்கக்கிழம கடையத் தொறக்கையிலயே ஒருத்தரு வாசல்ல நின்னாரு. காப்பு. இதே கறுப்பு. சாதாரணமா வேர்வையில கறுக்குத வெள்ளி பழுப்பாத்தான் இருக்கும். இது மை. தேய்க்கத் தேய்க்க முட்ட நாத்தம். அதுல வேல் ஒண்ணு பொறிச்சிருந்துச்சு. அந்தப் பள்ளத்துல உள்ள கறுப்ப எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு."

"கழட்டிக் குடுத்தாரா?"

"எங்க கழட்ட? கையோட ஒட்டிக் கெடந்துச்சு. சோப்பு போட்டுத்தான் எடுத்தேன். கையில ஊத்த, அந்தத் தண்ணிப் பானையக் கொஞ்சம் எடுங்கன்னேன்." அவர் தலைக்கு மேல் இருந்த பலகையைக் காட்டினார். "ஆளு நல்ல ஓங்குதாங்கானவரு. ஆனா கை தோளுக்கு மேல போகல. முகத்தச் சுளிச்சுக்கிட்டாரு. கடைசில நான்தான் எடுத்தேன்."

அக்கா நன்றி சொல்லிவிட்டு நடந்தார். ஆசாரி பின்னாலிருந்து கூப்பிட்டார். "இதுக்கு மெருகு போட வேண்டாமாம்மா?"

"வேண்டாம் ஆசாரியாரே. இது இப்படியே இருக்கணும்."

ஸ்கூட்டர் அருகே போய் நின்றோம். எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தாமதமாகத்தான் உறைக்கும், ஆனால் உறைக்கும்.

"அக்கா, அந்த போட்டோ. ஐந்தருவியில அவரு சட்டையோட நிக்காரு."

"சொல்லு."

"நான் பொறந்ததுலருந்து குத்தாலம் போறேன். என்னைய மாதிரி எலும்புக்கூடே கூச்சமில்லாமச் சட்டையக் கழட்டிட்டுப் போய் நிப்பேன். அருவியில சட்டை போட்டுக் குளிக்குத ஆம்பளைய நான் பாத்ததே இல்ல."

அக்கா என் முதுகில் குடையால் ஒரு தட்டு தட்டினார். வலித்தது. எட்டு மாதத்தில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

"எனக்கு அங்கயே தெரிஞ்சுட்டுலே," என்றார். "நீயா சொல்லுவியான்னு பாத்தேன்."

இசக்கிராஜாவுக்குப் போன் போட்டுவிட்டு நாங்கள் மறுபடி ஆலைக்குப் போனபோது மணி நாலு. செந்தில்வேல் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா கறுத்த அரைஞாணை மேஜையில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். காப்பு அதன் அருகில் வெட்கம்கெட்டு மின்னியது.

"இந்த ஊர்ல வேற யாரும் இந்தக் காப்பக் கவனிச்சிருக்க மாட்டாவ செந்தில்வேல்," என்றார். "கறுப்பாவே விட்டிருந்தா போலீஸும் கண்டிருக்காது. ஆனா உங்களுக்குத் தெரியும், திங்கக்கிழம இந்தக் கொட்டகைப் பொம்பளைங்க பாத்தா ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவாவன்னு. ஆபீஸ விட்டு அங்கன போவாதவரு கையில குழியோட கறுப்பு எப்படி வந்துச்சுன்னு கேப்பாவ. அதனால கழட்டக் கூடாததக் கழட்டி மெருகு போட்டீய."

அவர் சட்டைக் கையை இழுத்துக் காப்பை மறைத்தார்.

"வெள்ளி போவட்டும். மெருகு போட்டா அது பேசாது. நீங்க சட்டையக் கழட்டுங்க."

"மேடம்..."

"இன்ஸ்பெக்டர் வாசல்ல நிக்காரு. அவருக்கு முன்னால கழட்டுததுன்னா அப்படிச் செய்ங்க."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோளிலிருந்து சட்டையை இறக்கக் கை வரவில்லை. நான் போய் உதவினேன். ஏன் உதவினேன் என்று தெரியவில்லை. என் கை அப்படி. இரண்டு அக்குளுக்கும் கீழே, நெஞ்சைச் சுற்றி, விரல் அகலத்துக்குத் தோல் உரிந்த தடம். கயிற்றின் முறுக்குகூட அதில் பதிந்திருந்தது.

பிறகு அவராகப் பேசினார். குரல் இறங்கி இறங்கிப் போனது.

"பம்பு அடைச்சிருந்துச்சு. மறுநாள் சென்னை ஆளுங்க வராங்க. பேச்சிக்கு போன் போட்டேன். 'எண்ணெ தேய்ச்சிருக்கேன் சார், அஞ்சே நிமிஷம், நான் வராம இறங்கிராதீய'ன்னான். நான் இறங்கினேன். நாத்தம் குடலைப் புடுங்குச்சு, அப்புறம் நின்னுபோச்சு. சரியாயிட்டுன்னு நெனச்சேன். அது மட்டும்தான் ஞாபகம். கண்ணு முழிக்கும்போது மேல தரையில கெடக்கேன். நெஞ்சுல கயிறு. பேச்சி என் கன்னத்துல அறையுதான். மேலெல்லாம் எண்ணெயும் குழம்பும். 'உள்ள வேற யாரும் உண்டுமா சார், வேற யாரும் உண்டுமா'ன்னு கேக்கான். எனக்கு வாய் வரல."

"ரெண்டாவது தடவ எதுக்கு இறங்குனாரு?"

செந்தில்வேல் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்த அறையில் இளகிய ஆள் யாரென்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"வேல்ராஜ் லாரி நின்னுச்சு, ஆளைக் காணோம். கம்பியில மாட்டியிருந்த அவன் துண்டு காத்துல உள்ள விழுந்து மெதந்துச்சு. பேச்சி அதப் பாத்துட்டான். வேல்ராஜ் அடியில கெடக்கான்னு நெனச்சுட்டான். 'ஏலே மாப்ள'ன்னு ஒரு சத்தம். என்னைக் கட்டுன கயித்தக்கூட அவுத்து எடுக்க நிக்கல. நான்தான் அப்புறம் உருவிட்டுப் போனேன். அவன் அப்படியே இறங்கிட்டான்."

 பிரித்தெடுக்க வேண்டியதாய்ப்போன அந்த விரல்கள்.

"அவரு உள்ள போனப்புறம் எதுவும் கேட்டுச்சா?" என்றார் அக்கா. அவருடைய குரல் இவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

"ஏணியில ஒரு சத்தம் கேட்டுது. தட்டுற மாதிரி. ஒருக்க." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "எந்திரிச்சு ஓடிட்டேன் மேடம். குடும்பம் ஐந்தருவியில இருந்துச்சு, நேரா அங்க போய் தண்ணிக்குள்ள நின்னேன். நாத்தம் போற வரைக்கும் நின்னேன். போகல."

"வேல்ராஜ் மிரட்டுனான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தீயளே. ஓடிப்போனவரு அதுக்கு மட்டும் எப்படி நின்னு எழுதுனீய?"

 இசக்கிராஜா உள்ளே வந்தார்.

ஸ்டேஷனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். வாசல் வேப்பமரத்தடியில் சொக்கம்மாள் காலையில் நின்ற அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். நான் கேட்காத தூரத்தில் நின்றேன். அவள் தலை ஒருமுறை ஆடியது. அழவில்லை. கடைசியில் அரைஞாண் இருந்த உறையை வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொண்டாள்.

வேல்ராஜை வெளியே விட்டார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், ஒரு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பெஞ்சில் உட்காரவைத்து, அவன் போலீஸில் சொல்லியிருந்ததையும் சேர்த்து அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். லாரியை நிறுத்தியது, கை கழுவியது, அத்தான் முகத்தில் முழிக்கக் கூடாதென்று வெளியே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தது, ஆளில்லாததைப் பார்த்து லாரியை எடுத்துக்கொண்டு போனது எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான். துண்டைப் பற்றி அக்கா சொன்னதும் தலையாட்டுவது நின்றது.

"அந்தத் துண்ட அங்கன மாட்டுனது நான்தானேக்கா," என்றான்.

"வேல்ராஜ்..."

"நான்தானே மாட்டுனேன். மறந்துட்டுப் போயிட்டேன். போலீஸ்காரவ சொன்னது சரிதான. நான்தான் அத்தானக் கொன்னிருக்கேன்." அவன் எழுந்து லாக்கப் பக்கம் நடந்தான். விடுதலையானவன் தானாகக் கம்பிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ச் சுவரோடு உட்கார்ந்தான். இசக்கிராஜா என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார். அவருடைய சட்டப் புத்தகத்தில் இதற்கு வழியில்லை.

எனக்குக் கையில் ஒரு ஜோக்கும் இல்லை. மோப்பம் போன மூக்கு ஒழுகுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. திரும்பி நின்று துடைத்துக்கொண்டேன்.

சொக்கம்மாள் என்னைத் தாண்டிப் போனாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைப் பார்த்தாள். 

"ஏலே," என்றாள். "அவரு உன்னத் தேடித்தாம்ல ரெண்டாவது தடவ இறங்குனாரு. கடைசி வரைக்கும் நீ கெடைக்கல. இப்ப இங்கன வந்து ஒளிஞ்சிக்கிட்டா எப்படி?"

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவள் உள்ளே போனாள். குனிந்து, அவன் இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரி. வீட்டுக்குப் போவோம்."